பலாச்சுளையை விடாத அப்பத்தாவுக்கு என்ன பழம் கொடுக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். அப்பத்தாவுக்கு வயது 74, சர்க்கரை வந்து 11 வருடம். மாத்திரை மட்டும்தான், ஊசி கிடையாது. கவுனி அரிசியைக்கூட விட்டுவிட்டார், பழத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார்.

போன வாரம் வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு, விரலெல்லாம் எண்ணெய் தடவி, பலாவை உரித்துக்கொண்டிருந்தார். "ரெண்டே ரெண்டு சுளைதான் ஆத்தா" என்றார். பக்கத்துத் தட்டில் கிடந்த கொட்டைகளை எண்ணினேன், ஒன்பது! 2 மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 236. மெஷின் பொய் சொல்கிறதாம்.

டாக்டர் பழமே கூடாது என்று சொல்லவில்லை. ஜூஸ் போட்டால் நார் போய், சர்க்கரை சட்டென்று ஏறும், அதனால் கடித்துத்தான் சாப்பிட வேண்டும். ஒரு தடவைக்கு மாவுச்சத்து 15 கிராம், அதாவது ஒரு சின்ன ஆப்பிள் அல்லது பெரிய வாழைப்பழத்தில் பாதி என்றார். செங்காய்க் கொய்யா கொடுத்த அன்று 150-ஐத் தாண்டவில்லை. ஆனால் பல் இல்லாதவரிடம் கொய்யாவை எத்தனை நாள் நீட்டுவது?

சரி, கேட்க வந்தது இதுதான். மென்று சிரமப்படாத பழமாக, பப்பாளி மாதிரி, எது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒத்துக்கொண்டது? சாப்பாட்டோடு கொடுக்காமல் இடைப்பலகாரத்துக்குப் பதிலாகக் கொடுத்தவர்கள் உண்டா? எவ்வளவு கொடுத்தீர்கள், அப்புறம் மெஷினில் எவ்வளவு காட்டியது என்று எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற வைத்தியம் மட்டும் வேண்டாம், அது ஏற்கனவே வாட்ஸ்அப்பில் நிறைய வருகிறது.