பிரிட்டிஷ் டைரக்டர் டேவிட் லீன் படங்களோடு உங்கள் அனுபவம் என்ன?

பழைய ரீல்:
லீன் என்றாலே எல்லோரும் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் பாலைவனத்தில் போய் நிற்பார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது 1945-ல் வந்த 'ப்ரீஃப் என்கவுன்ட்டர்' பார்த்து. கார்ன்ஃபோர்த் ரயில் நிலையத்தில் எடுத்தது. காதலர்கள் கடைசியாக விடைபெறும் நேரத்தில் வளவளவென்று பேசும் ஒரு தோழி வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவன் ஒன்றும் சொல்ல முடியாமல், காதலியின் தோளை ஒரு கணம் அழுத்திவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். லீன், சினிமாவே கூடாது என்றிருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தில் 1908-ல் பிறந்து, ஸ்டூடியோவில் டீ கொடுக்கும் பையனாக நுழைந்து, எடிட்டராகி டைரக்டர் ஆனவர். எங்கே வெட்டுவது என்று தெரிந்தவர். நீங்களும் எழுதுங்கள்.

ஹட்டன்காரன்:
ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் பஸ் ஏறினால் கித்துல்கல வரும். ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் போர்க் கைதிகள் ரயில் பாலம் கட்டும் கதையான லீனின் 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்கான பாலத்தை அங்கே களனி ஆற்றுக்கு மேலேதான் கட்டினார்கள். இப்போது போனால் கொங்கிரீட் அடித்தளம்தான் மிச்சம். 1957 மார்ச்சில், ரயில் போகும்போது பாலத்தைத் தகர்க்கும் காட்சியை எடுக்கப் போன முதல் நாள், ஒரு கேமராக்காரர் பத்திரமாக ஒதுங்கிவிட்டதாக சிக்னல் தரவில்லை என்று வெடியை நிறுத்திவிட்டார்கள். ரயிலோ நிற்காமல் பாலத்தைக் கடந்து, அக்கரையில் இருந்த ஜெனரேட்டரில் போய் மோதியது. மறுபடி எல்லாவற்றையும் சரிசெய்து வெடித்தார்கள். அந்தக் கதை படத்தைவிடச் சுவாரசியம்.

ஈப்போ பேரன்:
அதே படம்தான் எங்கள் வீட்டிலும். தாத்தாவின் அண்ணனை இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் காலத்தில், எஸ்டேட்டிலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். திரும்பி வரவில்லை. டிவியில் இந்தப் படம் போட்டபோது தாத்தா கடைசிவரை பேசாமல் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்க எங்கடா?" என்றார். படத்தில் பாலம் கட்டுவது முழுக்க வெள்ளைக்காரச் சிப்பாய்கள். நிஜத்தில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதையில் செத்த போர்க் கைதிகள் 12,000-க்கு மேல். மலாயாத் தமிழர், பர்மாக்காரர், ஜாவாக்காரர் என்று செத்த கூலிகள் அதைவிடப் பல மடங்கு. காலரா வந்தால் கூடாரம் கூடாரமாகப் போனார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் கிட்டத்தட்ட 7,000 இருக்கின்றன. பெரிய தாத்தாவை எங்கே தேடுவது? படம் 7 ஆஸ்கர் வாங்கியது. இன்றைக்கும் மரண ரயில் என்றால் பாதிப் பேருக்கு படத்தில் சிப்பாய்கள் அடிக்கும் அந்த விசில் பாட்டுதான் ஞாபகம் வருகிறது.

பழைய ரீல்:
வருத்தம் புரிகிறது. ஆனால் லீன் எடுத்தது ரயில் பாதையின் வரலாறு இல்லை, படத்தில் கைதிகளுக்குத் தலைவரான நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் வறட்டுக் கௌரவத்தை. நிஜத்தில் அங்கே கைதிகளுக்குத் தலைமை தாங்கிய கர்னல் டூஸி, முடிந்தவரை வேலையைக் கெடுக்கப் பார்த்தவர். படத்தைப் பார்த்து அவருடைய ஆட்களே கொதித்துப் போனார்கள்.

ஈப்போ பேரன்:
கொதிக்கவாவது அவர்கள் உயிரோடு ஊர் திரும்பினார்களே.

குன்னூர் வாசி:
நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறார். 14 வருஷம் படமே எடுக்காமல் இருந்துவிட்டு, 1984-ல் 'எ பாசேஜ் டு இந்தியா'. அதில் விக்டர் பானர்ஜி பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டு வருவாரே, அது எங்கள் நீலகிரி மலை ரயில். அந்த இடம் வந்தால் இன்றும் ரிமோட்டை யாரிடமும் கொடுக்க மாட்டேன். ஆங்கில நடிகர் அலெக் கின்னஸுக்கு மேக்கப் போட்டு பிராமணர் ஆக்கியதை மட்டும் சகிக்கவே முடியவில்லை.