பெயர் ஒற்றுமையால் தம்பிக்கு வங்கிக் கணக்கு மறுக்கிறார்கள்

சாவகச்சேரியில் இருக்கும் என் தம்பிக்கு மூன்று மாதமாக ஒரு சேமிப்புக் கணக்குக்கூடத் திறக்க முடியவில்லை. 2012ஆம் ஆண்டின் ஐ.நா. ஒழுங்குவிதிகளின் கீழ் அரச வர்த்தமானியில் வந்த, பயங்கரவாதத் தொடர்பு என்று சொல்லிச் சொத்து முடக்கப்பட்டவர்களின் தடைப்பட்டியலில் இவனுடைய பெயர் மாதிரியே ஒரு பெயர் இருக்கிறதாம், கணினி விடுகுதில்லை என்று கவுண்டரில் இருந்த பிள்ளை குரலைத் தாழ்த்திச் சொன்னது. பிறந்த திகதி வேறு, அடையாள அட்டை இலக்கம் வேறு, தகப்பன் பெயரும் வேறு! கிராம சேவையாளர் கடிதம், பிறப்புச் சான்றிதழ், வேலைக் கடிதம் எல்லாம் கொடுத்தாயிற்று, "தலைமையகத்துக்கு அனுப்பியிருக்கிறம்" என்றதோடு சரி. அப்புறம் போன இரண்டாவது வங்கியிலும் இதேதான். சம்பளத்தைக் கையில் வாங்கி அரிசி டின்னுக்குள் வைக்கிறான், பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இப்படிப் பெயர் மாறாட்டத்தில் மாட்டி வெளியே வந்தவர்கள், மத்திய வங்கியின் 1935 தொலைபேசி இலக்கத்தில் முறையிட்டா தீர்த்தீர்கள், இல்லை வங்கித் தலைமையகத்துக்கே எழுதியா?