நவம்பர் ஆட்டங்களும் கடைசி வரிசைப் பையனும்

கல்லூரி ஐஸ் ஹாக்கி சீசன் தொடக்கத்தில் நேரில் கண்டதை இங்கே ஆளுக்கொன்றாக எழுதி வருகிறீர்கள். என் பங்குக்கு, நான் அமெரிக்காவில், இத்தாக்கா ஊரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஒரு கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

அதுவரை ஹாக்கி என்றால் எனக்குப் புல்தரையில் ஆடுவதுதான். ஐஸ் ஹாக்கியை டிவியில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் சேனலை மாற்றியவன் நான். கார்னெலின் ஹாக்கி அரங்கமான லைனா ரிங்குக்குள் முதல் தடவை நுழைந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 1957இல் கட்டிய அரங்கம். நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்கார முடியும், ஆனால் கூரை தாழ்வு என்பதால் அத்தனை சத்தமும் தலைக்கு மேலேயே நிற்கும். எதிரணி வீரர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கும்போது மாணவர்கள் எல்லோரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். உங்களைப் பார்க்கக்கூட எங்களுக்கு நேரமில்லை என்று பொருள். நம் அணியின் முறை வந்ததும் தாள் எல்லாம் கசங்கி உருண்டையாகிப் பறக்கும். தேசிய கீதத்தில் ‘ரெட்’ என்ற சொல் வருமிடத்தில் அரங்கமே சேர்ந்து அந்த ஒரு சொல்லை மட்டும் கத்தும், ஏனென்றால் அது அணியின் நிறம். அப்புறம் மாட்டு மணி. ஒரு மாணவர் அதைத் தாளம் போட்டு அடிக்க, மற்றவர்கள் கைதட்டிப் பின்தொடர்வார்கள். கோல் விழுந்தால் எதிரணி கோலியை, அதாவது கோல் காப்பாளரை, கை நீட்டி, சல்லடை, சல்லடை என்று கூவுவார்கள். அத்தனை ஓட்டை என்று கேலி. இது கார்னெலுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி முழுக்க உள்ள வழக்கம்.

சரி, பையனுக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு புள்ளியியல் அறிமுகப் பாடத்துக்கு நான் பயிற்சி வகுப்பு எடுத்தேன். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி ஒரு முதலாண்டு மாணவன் உட்காருவான். தோள் அகலம், முகவாயில் ஒரு தையல் தழும்பு. முதலாண்டு என்றாலும் வயது இருபதைத் தாண்டியிருந்தது. எனக்கு அது அப்போது விசித்திரமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, கல்லூரி ஹாக்கிக்கு வரும் பையன்களில் பெரும்பாலோர் பள்ளி முடித்து ஓரிரு ஆண்டுகள் ஜூனியர் லீக்கில் ஆடிவிட்டுத்தான் வருகிறார்கள் என்று. கல்லூரி ஆட்டத்தில் முகம் முழுக்க மூடுகிற கவசம் கட்டாயம். தழும்பு அதற்கு முந்தைய கணக்கு என்று சொன்னான்.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை என் அறைக்கு வந்து, திங்கட்கிழமை தர வேண்டிய வீட்டுப்பாடத்தை முன்னதாகவே நீட்டினான். “வார இறுதியில் ரெண்டு ஆட்டம் இருக்கு. அதுக்கப்புறம் என்னால இதை முடிக்க முடியுமான்னு தெரியல, அதான்” என்றான். கார்னெல் சேர்ந்திருக்கும் ஐவி லீக் என்ற எட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் விளையாட்டுக்கென்று தனி உதவித்தொகை கிடையாது. இவனும் மற்றவர்களைப் போலத்தான், வீட்டுப்பாடம் தராவிட்டால் மதிப்பெண் போகும். தாளின் ஓரம் ஈரமாகியிருந்தது. பயிற்சி முடிந்து தலை துவட்டாமல் வந்திருக்கிறான்.

“எந்த இடத்துல ஆடற?” என்று கேட்டேன். டிஃபென்ஸ் என்றான். ஐஸில் ஒரு அணிக்கு கோலி போக ஐந்து பேர், அதில் இரண்டு பேர் டிஃபென்ஸ் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்தேன். முகம் கவசத்துக்குள் மறைந்துவிடும், முதுகு எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டத்துக்கு மூன்று பீரியட், அதில் முதல் பீரியட் முழுக்க பக்கை விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஆடினான். இரண்டாவது பீரியட் தொடங்கிக் கொஞ்ச நேரம். எங்கள் கோலுக்குப் பின்னால் மூலையில் பக் அவனிடம் வந்தது. எதிரணி ஆள் ஒருவன் வேகமாக நெருக்கிக்கொண்டு வருகிறான். எதிர்ப்பக்கம் கூட்டாளி தனியாக நின்றான், கையிலிருந்த ஸ்டிக்கைத் தட்டி ‘எனக்குக் கொடு’ என்று காட்டினான். இவன் கொடுத்தான், ஆனால் எங்கள் கோலுக்கு நேர் முன்னால் குறுக்கே. நடுவில் ஒரு ஸ்டிக் நீண்டது. பக் நின்றது, அடுத்த நொடி வலைக்குள். கோலி அந்தப் பக்கம் திரும்பக்கூட நேரமில்லை.

அரங்கம் ஒரு நொடி மூச்சடைத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. நான் அவனையே பார்த்தேன். பெஞ்சுக்குப் போனான். யாரும் திட்டவில்லை. பக்கத்திலிருந்தவன் முழங்காலில் ஸ்டிக்கால் இரண்டு தட்டு தட்டினான். ஆனால் அடுத்த முறை டிஃபென்ஸ் ஜோடி மாறும்போது அவனுக்குப் பதில் வேறொருவன் இறங்கினான். அதற்கடுத்த முறையும் அப்படியே. அதன் பிறகு அவன் ஐஸில் இறங்கவே இல்லை. பெஞ்சின் கடைசியில், மாற்று கோலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே வருபவர்களுக்கும் வெளியே போகிறவர்களுக்கும் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். நாற்பது, ஐம்பது நொடிக்கு ஒரு முறை ஆள் மாறுகிற ஆட்டம் இது. எத்தனை முறை அந்தக் கதவைத் திறந்திருப்பான்!

அன்றைக்குத் தோற்றோம். சனிக்கிழமை அவன் பெயர் ஆடும் பட்டியலிலேயே இல்லை. கோட்டும் டையுமாக மேலே, கடைசிப் படிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் பழைய மாணவர், பல ஆண்டு சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். அவரிடம், “முதல் வாரம்தானே, இதுக்குப் போய் ஒரு பையனை உட்கார வைக்கணுமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. இடைவேளையில் ஸாம்போனி வண்டி ஐஸை வழவழப்பாக்கிக்கொண்டு சுற்றும் நேரத்தில் அந்தக் கணக்கைச் சொன்னார். இன்றுவரை என் மனதை விட்டுப் போகாத கணக்கு அது.

மற்ற கல்லூரிகள் அக்டோபர் முதல் வாரத்திலேயே ஆடத் தொடங்கிவிடும். முப்பத்து நான்கு ஆட்டம் வரை ஆடலாம். ஐவி லீக் தன் அணிகளுக்கு இருபத்தொன்பதுதான் என்று வரம்பு வைத்திருக்கிறது, தொடக்கமும் அக்டோபர் கடைசியை ஒட்டித்தான். கார்னெல் ஆடும் ஈசிஏசி பிரிவில் 12 அணிகள். ஒவ்வொன்றோடும் இரண்டு ஆட்டம், ஆக 22. மீதி ஏழே ஏழு. நாட்டின் மற்ற பிரிவு அணிகளோடு மோத அந்த ஏழுதான் இருக்கிறது. அதில் சில சீசனின் முதல் வாரங்களிலேயே வந்துவிடும். நாம் ஐஸில் கால் வைக்கும்போது எதிரே நிற்பவன் ஏற்கெனவே ஐந்தாறு ஆட்டம் ஆடி உடம்பு சூடேறி வந்திருப்பான்.

தேசியப் போட்டிக்கு 16 அணிகள். ஆறு பிரிவுகளின் சாம்பியன்களுக்கு நேரடி இடம், மீதிப் பத்து இடமும் கணக்கின்படி. அந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் பேர்வைஸ் என்று சொல்லி வந்தார்கள், சூத்திரம் அவ்வப்போது மாறும். ஆனால் நவம்பர் தோல்வி என்பதற்காக அதில் சலுகை கிடையாது. பிப்ரவரியில் தோற்றால் என்ன எடையோ அதே எடைதான். அதனால்தான் பழைய ரசிகர்கள் யாரும் ‘இப்போதுதானே சீசன் தொடங்கியிருக்கிறது’ என்று சொல்வதில்லை.

இதை நான் கண்ணால் பார்த்தது 2024-25இல். தொடக்கத்தில் அணியின் மேல் எதிர்பார்ப்பு ஏகப்பட்டது. அப்புறம் காயத்துக்கு மேல் காயம். கணக்கில் பின்தங்கிப் போய், கடைசியில் லேக் பிளாசிட் என்ற ஊரில் நடக்கும் ஈசிஏசி பிரிவுப் பட்டத்தை வென்றால் மட்டுமே வழி என்ற நிலை. மைக் ஷேஃபருக்குப் பயிற்சியாளராக அது முப்பதாவது சீசன், கடைசி சீசனும்கூட. இதே கல்லூரியில் ஆடிய காலத்தில், ஹார்வர்டோடு ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டிக்கைத் தன் தலையில் அடித்து உடைத்த மனிதர் அவர். பிரிவில் ஆறாம் நிலையில் இருந்த அணி இறுதி ஆட்டத்தில் கிளார்க்சன் கல்லூரியை 3-1 என்று வென்று பட்டத்தோடு தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. அங்கே மிச்சிகன் ஸ்டேட்டையும் 4-3 என்று வீழ்த்தியது. மகிழ்ச்சியில் குரல் போய்விட்டது எனக்கு. ஆனாலும் சொல்கிறேன், ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு மார்ச் மாதம் முழுக்க உட்கார்ந்திருப்பது வயிற்றைப் பிசையும் அனுபவம். நவம்பரில் இரண்டு ஆட்டம் கூடுதலாக வென்றிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த ஏழு ஆட்டம் இவ்வளவு விலை உயர்ந்தது என்றால், முதலாண்டுப் பையன்கள் எங்கேதான் கற்றுக்கொள்வது? அவர்களுக்கும் அதே வாரங்கள்தான். ஜூனியரில் குறுக்கே கொடுத்தாலும் தப்பித்துவிடுகிற பாஸ் இங்கே கோலாகிவிடும் என்பதை ஐஸில் இறங்கித்தான் தெரிந்துகொள்ள முடியும். சீசன் தொடக்கத்தில் நான் தவிப்பதெல்லாம் இதற்குத்தான். அணி தோற்கக் கூடாது, பையனும் உட்காரக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது அரிது. 2025 முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரிக்கு வரலாம் என்று விதி மாறிவிட்டது. இனி வரும் முதலாண்டுப் பையன்களுக்கு இடம் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கும்.

பழையவர்கள் எப்போதும் 1970ஐத்தான் சொல்வார்கள். அந்த ஆண்டுக் கார்னெல் அணி ஆடிய 29 ஆட்டத்திலும் வென்றது. டிராகூட இல்லை. தேசிய இறுதி ஆட்டம் அதே லேக் பிளாசிடில், கிளார்க்சனோடு, 6-4. அப்படி ஒரு சாம்பியன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுவரை கோலில் நின்றவர் கென் டிரைடன். 1967 தேசியப் பட்டம் அவர் நின்று வாங்கிக் கொடுத்தது, அவருடைய 1 என்ற எண்ணை இப்போது யாருக்கும் தருவதில்லை. இந்தக் கதைகளை நான் மதிக்கிறேன். ஆனால் என் மனதில் முதலில் வருவது கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அந்தப் பையன்தான்.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தான். அதே கடைசி வரிசை. நான் ஒன்றும் கேட்கவில்லை, என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பட்டியலில் மறுபடி அவன் எண் வந்தது. ஈசிஏசியில் கார்னெலுக்கும் கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. வெளியூரிலிருந்து வரும் இரண்டு அணிகள் வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு ஊரில் ஆடிவிட்டு, சனிக்கிழமை இடம் மாற்றிக்கொள்ளும். அப்படி ஒரு சனிக்கிழமை அது.

இரண்டாவது பீரியட். நாங்கள் ஒரு கோல் முன்னே. நம்பினால் நம்புங்கள், அதே மூலை. பக் அவன் ஸ்டிக்கில், இந்த முறை நெருக்குவது இரண்டு பேர். கூட்டாளி அதே மாதிரி எதிர்ப்பக்கம் தனியாக நின்று ஸ்டிக்கைத் தட்டுகிறான். என் கை தானாக முன்னிருக்கையைப் பிடித்தது. இவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தோளால் ஒருவனைத் தாங்கிக்கொண்டு அரை நொடி நின்றான். அப்புறம் பக்கை ஐஸைச் சுற்றியுள்ள கண்ணாடித் தடுப்போடு ஒட்டி மேலே அடித்தான். அது உரசிக்கொண்டே போய் எங்கள் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டி வெளியே விழுந்தது. அவ்வளவுதான். அழகான பாஸ் கிடையாது, யாருக்கும் போய்ச் சேரவும் இல்லை, ஆபத்து மட்டும் விலகியது. பெஞ்சுக்காரர்கள் ஆள் மாற்றிக்கொண்டார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

அரங்கத்தில் யாரும் கைதட்டவில்லை. நான் எழுந்து நின்று தட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு ஐஸைப் பார்த்தார், புரிந்துகொண்டு அவரும் தட்டினார்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து தாள்களை அடுக்கும்போது அவனிடம், “அந்த மூலையில கண்ணாடியோட அடிச்சது ரொம்ப நல்லா இருந்தது” என்றேன். சட்டென்று நிமிர்ந்தான். “அதைப் பார்த்தீங்களா?” என்று இரண்டு தடவை கேட்டான். பயிற்சியாளர் திங்கள் காலை வீடியோ கூட்டத்தில் அந்த ஆறு நொடியை இரண்டு முறை ஓட்டிக் காட்டினாராம். அதைச் சொல்லும்போது காது நுனிவரை சிவந்திருந்தது.

அந்த வாரமும் வியாழக்கிழமையே வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

உங்கள் கல்லூரி அணியில் இப்படி முதல் மாதத்தில் யாரையாவது கண்வைத்துப் பார்த்திருந்தால் எழுதுங்கள். கோல் அடித்தவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், டிஃபென்ஸ் பையன்களைப் பற்றிக் கேட்கத்தான் எனக்கு ஆசை.