மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பென்சிலில் வரைய ஆலோசனை வேண்டும்

குழுவிலுள்ள ஓவியர்களுக்கும் ஓவிய ஆசிரியர்களுக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஓவிய வகுப்புக்காக, பறளியாற்றின் குறுக்கே 1966-இல் கட்டப்பட்ட, பாசன நீரைத் தொட்டி வடிவக் கால்வாயில் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை, ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன்.

115 அடி உயரமுள்ள அந்தப் பாலத்தின் தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்குவதுபோல் தெரிவதால், தொலைவில் சுருங்கும் கோடுகளுக்கு ஒரு மறைபுள்ளியும் (இணைகோடுகள் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் புள்ளி), தூண்களுக்காகத் தாளின் மேல்விளிம்பைத் தாண்டி இன்னொரு மறைபுள்ளியும் வைத்திருக்கிறேன். இந்த இரண்டாம் புள்ளியை எவ்வளவு உயரத்தில் வைத்தால், தூண்கள் சாய்வதாகத் தோன்றாமல் உயரம் மட்டும் உணரப்படும்?

நிழலில்தான் எனக்குப் பெரிய ஐயம். தொட்டியின் அடிப்புறத்து இருட்டை 6பி என்னும் மென்மையான, கருமை மிகுந்த பென்சிலால் அழுத்தித் தீட்டினால், அதன் கிராஃபைட் கரு பளபளத்து, வெளிச்சத்தில் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. அதைவிடக் கருமை குறைந்த 2பி, 4பி பென்சில்களால் மெல்லிய அடுக்குகளாக ஏற்றினால் போதுமா, அல்லது அந்த இடத்தில் மட்டும் கரிப்பென்சிலைப் பயன்படுத்தலாமா? பழைய காங்கிரீட்டின் சொரசொரப்பும் மழைநீர் வழிந்த கறைகளுமே அந்தப் பாலத்தின் அழகு என்று நான் கருதுவதால், விரலால் தேய்த்து வழவழப்பாக்க எனக்கு விருப்பமில்லை.

இதற்கேற்ற சொரசொரப்பான தாள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எங்கே கிடைக்கும் என்பதையும் தெரிந்தவர்கள் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.