பவானிசாகர் 102 அடி: உபரி நீர் தொறந்தாங்கறது நெசமா, புருடாவா?

வாய்க்கால்மேடு (கேள்வி)
எங்க ஊர் வாட்ஸப் குழுவுல நேத்துப் பொழுதோட ஆரம்பிச்ச சண்டை இன்னும் அடங்கலைங்க. மதகுல தண்ணி பொங்கற போட்டோவப் போட்டு, "பவானிசாகர் நெறஞ்சிருச்சு, உபரி நீர் தொறந்துட்டாங்க, ஆத்துப் பக்கம் போகாதீங்க"ன்னு ஒருத்தர் போட்டார். "அணை 105 அடி, இன்னிக்கு மட்டம் 102. நெறையாம எங்கிருந்து உபரி? புருடா"ன்னு இன்னொருத்தர். இது அக்டோபர் மாசம். யார் சொல்றது சரிங்க? போட்டோ நெசமான்னு எப்படிப் பாக்கறது?

மதகடி
சேதி சரியா இருக்கலாமுங்க. முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி), அதுல தப்பில்ல. ஆனா அக்டோபர் முடியற வரைக்கும் 102 அடிக்கு மேல நிறுத்த மாட்டாங்க. திடீர்னு வெள்ளம் வந்தா வாங்கிக்க எடம் வேணுமில்ல? நவம்பர்லதான் 105 வரைக்கும் ஏத்துவாங்க. அதனால 102-ஐ தொட்டதும் வர்ற தண்ணிய அப்படியே ஆத்துல விட்டுருவாங்க. மூணு அடி பாக்கி இருக்கறத வெச்சு புருடான்னு சொல்ல முடியாது.

இதுல அடிக்கடி வர்ற இன்னொரு கோளாறு, கன அடியையும் டிஎம்சியையும் போட்டுக் குழப்பறது. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கப் போனாத்தான் 1 டிஎம்சி. "இன்னிக்கு ஒரே நாள்ல 10 டிஎம்சி தொறந்தாங்க"ன்னு வந்தா, வினாடிக்கு 1,15,740 கன அடி போயிருக்கோணும். அங்கயே நின்னு யோசிங்க.

நூல்கண்டு
போட்டோ வேற வழக்குங்க. கூகுள் லென்ஸ்ல போட்டு, மதகு இருக்கற எடத்த மட்டும் கட்டம் சுருக்கித் தேடுங்க. முழுப் படத்தப் போட்டா நுரையும் தண்ணியுமா எல்லா அணையும் வந்து நிக்கும். ஒரே மாதிரி இருக்கறது பத்தாது. விளக்குக் கம்பம், கைப்பிடிச் சுவர், நுரை விழற வடிவம் அச்சா ஒத்துப்போகோணும். போன வருசமே அந்தப் படம் வந்திருந்தா தீந்துது. மேட்டூர் பதினாறு கண் மதகுப் படம் பவானிசாகர் பேர்ல சுத்தறதுண்டு, அதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

போட்டோவோட உள்விவரத்துல தேதி தேடாதீங்க, வாட்ஸப்ல படமா வந்தா அது கழண்டிரும். ரெட்டை அம்புக்குறி இருந்தா அஞ்சு கையாவது மாறி வந்திருக்குது. இல்லைன்னா புதுசுன்னு அர்த்தமில்ல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டா அம்பு காணாமப் போயிரும்.

சந்தேகப்பேர்வழி
லென்ஸ் எல்லாம் எதுக்குங்க? பவானி ஆறு காவிரியில சேர்ற கூடுதுறையில தண்ணி ஏறியிருக்குதே, பவானிசாகர் தண்ணிதான அது?

மதகடி
அப்படிச் சொல்ல முடியாதுங்க. மேட்டூர்ல தொறந்தாலும் காவிரி வழியா கூடுதுறை ஏறும். பவானி ஆத்துக்கு, அணைக்குக் கீழ இருக்கற கொடிவேரி தடுப்பணையப் பாருங்க. அங்க கூட, நடுவால ஓடைகள்ல மழைத் தண்ணி சேந்திருக்கலாம். அணையில எத்தன கன அடி வெளியேத்தறாங்கன்னு காலையில 8 மணி கணக்கு வரும். அதுல ஆறு தனி, வாய்க்கால் தனி; கீழ்பவானி வாய்க்காலுக்கு விட்டதத் தூக்கி ஆத்துக் கணக்குல சேத்துப் பேசறாங்க.

நூல்கண்டு
படம் பழசுன்னு தெரிஞ்சாலும், குழுவுல "பொய்"னு போட்டா வீம்பு வந்திரும். "அண்ணா, படம் பழசு போலிருக்குது, சேதி சரியா இருக்கலாம்"னு அவருக்குத் தனியாப் போடுங்க. படத்த மட்டும் அவரே 'எல்லோருக்கும் நீக்கு' குடுத்து எடுக்கட்டும். ரெண்டு நாளுக்கு மேல ஆச்சுன்னா அது ஆவாது. ஆத்துக்குப் போகாதீங்கங்கறது அப்படியே இருக்கட்டுமுங்க.