மாமாவின் கசற்றைக் காப்பாற்ற உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நன்றாக ஓடும் கசற் டெக் யாரிடமாவது இருக்கிறதா?

கல்லடியில் மாமாவின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது 90 நிமிடக் கசற் ஒன்று கிடைத்தது. நீல மையில் அவர் கையெழுத்து: ‘கிளப்டன், லோங் பீச், 74’. இங்கிலாந்து கிட்டார் கலைஞர் எரிக் கிளப்டன் ஹெரோயின் போதையிலிருந்து மீண்டு மேடைக்குத் திரும்பிய ஆண்டு அது. 1973 ஜனவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் ஒரு நாள் வாசித்தார், அப்புறம் முழுச் சுற்றுப்பயணம் என்று கிளம்பியது 1974இல்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள லோங் பீச் நகரக் கச்சேரிகள் அந்த ஜூலையில் நடந்தன. அவற்றிலிருந்து சில பாடல்கள் 1975இல் இசைத்தட்டாக வந்தன. மாமாவிடம் இருப்பது அரங்கில் யாரோ ஒளித்துப் பதிந்ததன் கொப்பியாம்.

இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது. வாவிக் காற்றின் ஈரத்தில் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். நாடாவை, ஒலியை வாசிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத்துண்டும் கழன்று உள்ளே உருள்கிறது. நல்லவேளை, கூட்டில் ஐந்து திருகாணிகள் உண்டு. ஒட்டிய கூடென்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பூஞ்சணம் துடைத்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றத் தெரிந்தவர் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எங்கே இருந்தாலும் சொல்லுங்கள். கணினியில் ஏற்றும்போது ஒலியைச் சுருக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாகவே வேண்டும்.

மாமாவுக்கு இப்போது கண் மங்கல், காது நல்ல கூர்மை. அவர் இருக்கும்போதே போட்டுக் காட்ட வேண்டும். தபாலில் அனுப்ப மனமில்லை, எந்த ஞாயிறென்றாலும் நானே கொண்டு வருவேன்.