சிங்க் பார்ட்டிக்கிள்: ‘மூழ்கு துகள்’ வேண்டாமே

வணக்கம்.

விண்மீன் பிறப்பைக் கணினியில் கணக்கிடும்போது வரும் ‘சிங்க் பார்ட்டிக்கிள்’ (sink particle) என்ற சொல்லுக்கு ‘மூழ்கு துகள்’ என்ற தமிழ்ப் பெயர் எனக்கு ஒட்டவில்லை. அந்தத் துகள் எதிலும் மூழ்குவதில்லை. சுற்றியுள்ள வளிமத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அது ஏன் தேவைப்பட்டது என்று பார்த்தால் பெயர் கிடைத்துவிடும். சுருள் விண்மீன் மண்டலம் ஒன்றைக் கணினியில் சுழலவிடுகிறோம். வட்டின் அகலம் பல்லாயிரம் பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). அதிலுள்ள குளிர்ந்த, அடர்ந்த வளிமத் திரளான மூலக்கூற்று முகில் சில பத்துப் பார்செக். அதற்குள் விண்மீன் பிறக்கும் கருவோ சுமார் 0.1 பார்செக். சுருள்கைக்குள் நுழையும் வளிமம் அமுங்கி, முகிலாகத் திரண்டு, தன் ஈர்ப்பாலேயே சரியத் தொடங்கும். அடர்த்தி 10,000 மடங்கு ஏறினால், சரிய ஆகும் நேரம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கணினியும் அதற்கேற்பக் காலத்தைச் சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்துப் பொடிநடை போட வேண்டும். ஆனால் கடக்க வேண்டிய காலமோ மிக நீளம்: சூரியன் பால்வெளியை ஒருமுறை சுற்றவே 20 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. எங்கோ ஓர் ஓரத்தில் சரியும் கட்டி மொத்தக் கணக்கையும் பிடித்து நிறுத்திவிடும்.

அதனால் 1995இல் பேட், பானல், பிரைஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும், வளிமத்தைத் துகள்களாகப் பிரித்துக் கணக்கிடும் துகள்முறைப் பாய்மக் கணக்கில் ஒரு வழி செய்தார்கள். சரிகிற கட்டியை எடுத்துவிட்டு அங்கே ஒரே துகளை வை. குறிப்பிட்ட ஆரத்துக்குள் வந்து ஈர்ப்பில் சிக்கும் வளிமத்தின் நிறையையும் உந்தத்தையும் அதன் கணக்கில் சேர்.

இதற்கு ‘உறிஞ்சு துகள்’ சரிவராது. இங்கே யாரும் உறிஞ்சவில்லை, வளிமம் தானாக விழுகிறது. ‘விழுங்கு துகள்’ என்றால் படிப்பவர் கருந்துளைக்குப் போய்விடுவார்.

என் பரிந்துரை: மடுதுகள். மடுத்தல் என்றால் உட்கொள்ளுதல். செவிமடுப்பதில் இருப்பதும் அதே மடுதான். ஊறுகாய்போல வினைத்தொகை, ஆகவே நடுவில் ‘த்’ போட்டுவிடாதீர்கள். போட்டால் ஆற்று மடுவில் கிடக்கும் துகள் ஆகிவிடும்! பாய்மவியலில் பாய்மம் வெளிவரும் சோர்ஸ் (source), அது உள்ளே போகும் சிங்க் (sink) இரண்டுக்கும் ஊற்று, மடு என்று இணையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு தடங்கல் உண்டு. முழு விண்மீன் மண்டலத்தையும் கணக்கிடும் மாதிரியில் இத்துகள் தனி விண்மீன் அல்ல, ஒரு விண்மீன் கொத்து. சில மில்லியன் ஆண்டுகளில் அதிலுள்ள பெரிய விண்மீன்கள் வெடித்து, ஆற்றலை முகிலுக்கே திருப்பித் தரும். மடுப்பது மட்டுமே அதன் வேலை என்று பெயர் சொல்லிவிடுகிறதோ? ஆங்கிலப் பெயரிலும் இதே குறை இருப்பதால் நான் பொறுத்துக்கொள்வேன்.

அப்புறம், துகள் வளிமத்தை வாங்கிக்கொள்ளும் அந்த ஆரத்துக்கு ‘மடு ஆரம்’ போதுமா, ‘மடுப்பு ஆரம்’ வேண்டுமா? எனக்கு இரண்டாவதுதான் காதுக்கு இதமாக இருக்கிறது.